ஃப்ளூ விட்டுருச்சுன்னு நெனச்சப்ப குழந்தைக்கு மூச்சுக்குழாய்ல சீழ் வெச்சிருச்சு, இது எப்படிங்க?

தென்றல்_78:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி பையன், நாலு வயசு, இப்ப குழந்தைங்க ஐசியுல வென்டிலேட்டர்ல இருக்கான். முதல்ல சாதாரண ஃப்ளூ தான், டெஸ்ட் எடுத்ததுல இன்ஃப்ளூயன்சா ஏ பாசிட்டிவ்னு வந்துச்சு, ஜுரம் இருமல் உடம்புவலினு சுருண்டு கிடந்தான், அப்புறம் ஜுரம் எறங்கி எழுந்து உக்காந்து கார்ட்டூன் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிட்டான், அப்பாடான்னு நாங்க எல்லாம் மூச்சு விட்ட நேரத்துல மறுபடி ஜுரம் கொதிக்குது, குரல் கம்மிப் போச்சு, நாய் குரைக்கிற மாதிரி இருமல், மூச்சை உள்ள இழுக்கும்போது கர்ர்னு ஒரு சத்தம். எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடினோம்.

அங்க க்ரூப்பா, அதாவது வைரஸால குரல்வளை வீங்குற நோயா இருக்கும்னு சொல்லி ஸ்டீராய்டு குடுத்தாங்க, அட்ரினலின் நெபுலைஸ் பண்ணாங்க, மறுபடியும் பண்ணாங்க, ஒண்ணுக்கும் கேக்கல, பையன் நேரம் ஆக ஆக வாடிட்டே போறான். கடைசில தியேட்டருக்கு கொண்டு போய் மயக்கம் குடுத்து கேமரா விட்டு பாத்துட்டு, பாக்டீரியல் ட்ரக்கியைட்டிஸ், மூச்சுக்குழாய் சுவர் முழுக்க சீழும் தோல் மாதிரி படலமும் ஒட்டியிருக்குன்னு சொல்லி அதையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு ட்யூப் போட்டுட்டாங்க.

டாக்டருங்க நல்லாத்தான் பேசுறாங்க, ஆனா அந்த நேரத்துல அவங்க சொன்னது எதுவும் மண்டைல ஏறல. ஃப்ளூ வைரஸ் தானே, பாக்டீரியா எங்கிருந்து வந்துச்சு? நெபுலைசர் ஏன் வேலை செய்யல? நேத்து வரைக்கும் விளையாடின புள்ளைக்கு ட்யூப் போடுற அளவுக்கா போகும்? முக்கியமா, முதல் நாளே ஆன்டிபயாடிக் குடுத்திருந்தா இது வந்திருக்காதோன்னு தங்கச்சி அதையே திரும்பத் திரும்ப சொல்லி அழுதுட்டு இருக்கா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


நைட்டூட்டி_அக்கா:

தென்றல், நான் குழந்தைங்க ஐசியுல நர்ஸ். உங்க பையனை நான் பாக்கல, அவனோட ரிப்போர்ட் பத்தி அங்க இருக்க டாக்டர் தான் சொல்லணும், ஆனா இந்த நோயை நிறைய பாத்திருக்கேன், பொதுவா எப்படின்னு சொல்றேன்.

முதல்ல ட்யூப் விஷயம், ஏன்னா எல்லா அம்மா அப்பாவும் அதைப் பாத்து தான் பயந்து போறாங்க. ட்யூப் போட்டுட்டாங்கன்னா நிலைமை கைமீறிப் போச்சுன்னு நெனைக்காதீங்க, இந்த நோய்ல ட்யூப் தான் பாதி வைத்தியம். சின்னப் புள்ளைங்க மூச்சுக்குழாய் ரொம்ப குறுகல். 4 மில்லிமீட்டர் அகலம் இருக்க குழாய்ல சுத்தி 1 மில்லிமீட்டர் வீங்கினா மிச்சம் 2 மில்லிமீட்டர் தான், காத்து போற பரப்பு கால்வாசியா கொறைஞ்சிரும், மூச்சு இழுக்குற சிரமமோ கணக்குப்படி 16 மடங்கு ஏறும். பெரியவங்களுக்கு அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் வெறும் தொண்டைக் கட்டு. இதுல வீக்கத்தோட கெட்டியான சீழும், பேத்துக்கிட்டு வர்ற படலமும் வேற. அது ஒரு துண்டு கழண்டு குறுக்க விழுந்துச்சுன்னா மூச்சு மொத்தமா அடைச்சிக்கும், அதனால தான் அடைக்கிற வரைக்கும் காத்திருக்காம பாதுகாப்பா தியேட்டர்ல வெச்சு, மயக்க டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் எல்லாரும் பக்கத்துல நிக்கும்போதே போட்டுடுவாங்க.

நெபுலைசர் ஏன் கேக்கலன்னா, அட்ரினலினும் ஸ்டீராய்டும் வீக்கத்தை தான் வத்த வைக்கும். சாதாரண வைரஸ் க்ரூப்ல பிரச்சனையே வீக்கம் தான், அதனால அதுல நல்லா கேக்கும். இங்க அடைச்சிட்டு இருக்கறது சீழு, அதை எந்த நெபுலைசரும் கரைக்காது. உண்மைய சொன்னா மருந்து கேக்கலங்கறதே ஒரு துப்பு தான், க்ரூப் மாதிரி இருக்கு, ஆனா ஜுரம் ரொம்ப அதிகம், புள்ளை வாடி வெளிறி இருக்கு, நெபுலைஸ் பண்ணியும் இறங்கலன்னா உடனே எங்களுக்கு இந்த சந்தேகம் தான் வரும். எபிக்ளாட்டைட்டிஸ்னு, குரல்வளை மூடி வீங்குற நோய் இன்னொன்னு இருக்கு, அதுல புள்ளைங்க எச்சில் முழுங்க முடியாம வழிய விட்டுட்டு முன்னாடி சாஞ்சு உக்காந்திருக்கும், படுக்கவே மாட்டேங்கும். அதுக்கு முக்கிய காரணமான ஹிப்ங்கற பாக்டீரியாவுக்கு தடுப்பூசி வந்தப்புறம் அது ரொம்ப கொறைஞ்சு போச்சு, அதனால இன்னிக்கு தொண்டை மூச்சு அடைப்புக்காக ஐசியு வரைக்கும் வர்ற புள்ளைங்கள்ல ட்ரக்கியைட்டிஸுக்கு தான் பெரிய பங்கு.

இனிமே என்ன நடக்கும்னா, வழக்கமா வான்கோமைசின் மாதிரி ஒண்ணு, அதோட செஃப்ட்ரையாக்சோன் மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு ஆன்டிபயாடிக்கை நரம்புல ஏத்துவாங்க, சீழை லேப்ல வளர்த்து எந்த கிருமின்னு பாக்குற கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் அதுக்கு ஏத்தபடி மாத்துவாங்க. நர்ஸுங்க அடிக்கடி ட்யூப்குள்ள சக்ஷன் போடுவாங்க, பாக்க கஷ்டமா இருக்கும், ஆனா அது தான் அந்த ட்யூபை காப்பாத்துது, இந்த சீழு ட்யூபையே அடைச்சிரும். சில புள்ளைங்களுக்கு மறுபடியும் கேமரா விட்டு படலத்தை உரிச்சு எடுக்க வேண்டி வரலாம், அதுக்கு கூப்பிட்டாங்கன்னா நிலைமை மோசமாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல.


சும்மா_ஒருத்தன்:

அதுக்குத்தான் சொல்றேன், ஜுரம்னு வந்தா அன்னிக்கே ஒரு அசித்ரோமைசின் போட்டு விட்டுடணும். எங்க வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான், இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நிமோனியா வந்ததில்ல. டாக்டருங்க வைரஸ் வைரஸ்னு இழுத்தடிச்சு கடைசில ஐசியு பில் போடுறாங்க.


கல்ச்சர்_ப்ளேட்:

ஒருத்தன் தம்பி, உங்க வீட்ல யாருக்கும் நிமோனியா வராததுக்கு அந்த மாத்திரை காரணம் இல்ல, ஃப்ளூ வந்த முக்கால்வாசி பேருக்கு மாத்திரை போட்டாலும் போடலனாலும் நிமோனியா வராது, அவ்ளோ தான். நான் மைக்ரோபயாலஜி லேப்ல வேலை பாக்குறவன். ட்ரக்கியைட்டிஸ் சீழை ப்ளேட்ல போட்டா அதிகமா வளர்றது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தான், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், மொராக்செல்லா, ஹீமோஃபிலஸ் எல்லாம் அடுத்தடுத்து வரும். அந்த ஸ்டாஃப்ல ஒரு நல்ல பங்கு எம்ஆர்எஸ்ஏ, அதாவது வழக்கமான பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகை, அதுக்கு வீட்ல குடுக்குற அமாக்சிசிலின் தண்ணி மாதிரி, அசித்ரோமைசினையும் நிறைய ஸ்டாஃப் தாங்கிக்கும். நீங்க முன்கூட்டியே மாத்திரை போட்டா மருந்துக்கு சாகுற கிருமி எல்லாம் செத்துப் போய், சாகாத கிருமிக்கு மூக்குல நல்லா எடம் கெடைக்கும். இன்னொரு தலைவலி எங்களுக்கு, அரைகுறையா ஆன்டிபயாடிக் போட்டுட்டு வர்றவங்க சாம்பிள்ல சில சமயம் ஒண்ணுமே வளராது, எந்த கிருமின்னு தெரியாம டாக்டர் கண்ணை மூடிட்டு மருந்து குடுக்க வேண்டியிருக்கும். அதனால தென்றல், உங்க தங்கச்சிகிட்ட தெளிவா சொல்லுங்க, முதல் நாள் ஆன்டிபயாடிக் குடுக்காம விட்டது தப்பே இல்ல, ஃப்ளூ மட்டும் இருக்கப்ப எந்த ஒழுங்கான டாக்டரும் அதைக் குடுக்க மாட்டாங்க.

பாக்டீரியா எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க. வெளியிலிருந்து வரல, பெரும்பாலும் ஏற்கனவே அவன் மூக்குலயோ தொண்டையிலயோ சும்மா குடியிருந்தது தான். பத்து பேர்ல மூணு பேர் மூக்குல ஸ்டாஃப் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. நிமோனியா வர வைக்கிற நிமோகாக்கஸ்ங்கற பாக்டீரியா குழந்தைங்க மூக்குல இன்னும் சகஜம். ஃப்ளூ வந்து தான் அதுங்களுக்கு கதவைத் திறந்து விடுது.

எப்படின்னா, மூச்சுக்குழாயோட உள்சுவர்ல பொடிப்பொடியா மயிர் மாதிரி சிலியா இருக்கும், துடைப்பம் மாதிரி சளியையும் தூசியையும் கிருமியையும் மேல தள்ளிட்டே இருக்கறது அதோட வேலை. ஃப்ளூ வைரஸ் அந்த செல்லுக்குள்ள தான் போய் பெருகுது, பெருகி வெளிய வரும்போது செல் செத்து உதிர்ந்துரும், சிலியாவும் போச்சு, அடியில இருக்க வெறும் சதை வெளிய தெரியுது, பாக்டீரியா ஒட்டிக்க அதை விட வசதியான எடம் கிடையாது. அதுக்கு மேல, வைரஸ் தன்னை விடுவிச்சுக்க நியூராமினிடேஸ்னு ஒரு என்சைம் வெச்சிருக்கு, அது செல் மேல இருக்க சியாலிக் அமிலத்தை வெட்டி விட்டுரும், வெட்டின எடத்துல நிமோகாக்கஸ் இன்னும் நல்லா பிடிச்சுக்குது. ஸ்டாஃப் பதிலுக்கு சும்மா இருக்காது, அது விடுற சில என்சைம் வைரஸ் செல்லுல ஒட்டி நுழைய உதவுற ஹீமக்ளூட்டினின்ங்கற புரதத்தை வெட்டி அதை இன்னும் சுறுசுறுப்பாக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசை.

மூணாவது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. வைரஸை அடிக்க உடம்பு இன்டர்ஃபெரான்ங்கற புரதத்தை கொட்டும், வைரஸுக்கு அது சரியான ஆயுதம் தான், ஆனா அதே இன்டர்ஃபெரான் நுரையீரல்ல பாக்டீரியாவை முழுங்குற மேக்ரோஃபேஜ்ங்கற செல்லை மந்தமாக்கிடுது. அதனால வைரஸ் அடங்கி, ஆள் தேறுற மாதிரி இருக்க அந்த கட்டத்துல தான் பாக்டீரியாவுக்கு எதிரா உடம்பு ரொம்ப பலவீனமா இருக்கும். எலிகளுக்கு முதல்ல ஃப்ளூவும் அப்புறம் நிமோகாக்கஸும் குடுத்து பாத்த சோதனைல, ஃப்ளூ குடுத்து ஏழாவது நாள் வாக்குல பாக்டீரியா குடுத்தப்ப தான் அதிகமா செத்துச்சு. கார்ட்டூன் பாத்து சிரிச்ச புள்ளை திடீர்னு விழுந்ததுக்கு இது தான் காரணம், நீங்க எதையும் கவனிக்காம விடல.

இது புதுசும் இல்ல. 1918 ஃப்ளூல இறந்தவங்கள்ல 58 பேரோட நுரையீரல் திசுவை பாதுகாத்து வெச்சிருந்தாங்க, அதை 2008ல திரும்ப எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தப்ப கிட்டத்தட்ட எல்லாத்துலயும் பாக்டீரியா நிமோனியா இருந்துச்சு. அந்த காலத்துல பென்சிலின் கிடையாது, அது கண்டுபிடிச்சதே 1928ல. 1892லயே ஃபைஃபர்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிங்க சளில ஒரு பாக்டீரியாவை பாத்துட்டு இது தான் ஃப்ளூவுக்கு காரணம்னு அடிச்சு சொன்னாரு, மனுஷங்ககிட்டருந்து உண்மையான வைரஸை பிரிச்சு எடுத்தது 1933ல தான். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அத்தனை பேர் சளில அது இருந்துச்சு. சரி, ஆன்டிபயாடிக் எல்லாம் வந்தாச்சேன்னா, 2009 பன்றிக்காய்ச்சல்ல அமெரிக்காவுல இறந்த 77 பேரோட திசுவை சோதிச்சதுல 22 பேருக்கு பாக்டீரியாவும் சேந்திருந்துச்சு.


வேப்பமரத்தடி:

படிக்கும்போதே கை நடுங்குது. பெரியவங்களுக்கும் இது வரும்னு யாராவது சொல்லணும்னு தான் எழுதுறேன். என் வீட்டுக்காரருக்கு நாப்பது சொச்சம் வயசு, சுகர் பிபி ஒண்ணும் கிடையாது, ஃப்ளூ வந்துச்சு, தேறினாரு, வேலைக்கு கூட போயிட்டாரு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கி போடுற குளிர்ஜுரம், மூச்சு இழுத்தா நெஞ்சுல ஒரு பக்கம் குத்துது. காட்டின கிளினிக்ல ஃப்ளூவோட மிச்சம் தான், அப்படியே போயிடும்னு இருமல் சிரப் எழுதி குடுத்து அனுப்பிட்டாங்க. விடியறதுக்குள்ள சளில ரத்தம். ஆஸ்பத்திரிக்கு போனப்ப ஆக்சிஜன் எறங்கிருச்சு, எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்துச்சு, சிடி எடுத்தா நுரையீரல்ல அங்கங்க குழி விழுந்திருக்கு. எம்ஆர்எஸ்ஏ நிமோனியான்னாங்க. இத்தனை பெரிய இன்ஃபெக்ஷன்ல வெள்ளை அணு ஏறித்தானே இருக்கணும், அவருக்கு ரொம்ப கம்மியா இருந்துச்சு, அதைப் பாத்து தான் டாக்டர் முகமே மாறிடுச்சு.

லினசோலிட்னு ஒரு ஆன்டிபயாடிக் போட்டாங்க, நெஞ்சுல சீழ் கட்டினதுக்கு தனியா ட்யூப் போட்டு வடிச்சாங்க, வென்டிலேட்டர்ல இருந்தாரு. பொழச்சு வந்துட்டாரு. ஆனா வீட்டுக்கு வந்து மாசக்கணக்குல மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், அதை யாரும் முன்னாடியே சொல்லல. ஒரு தடவை எறங்கின ஜுரம் திரும்ப ஏறினா அதை ஃப்ளூவோட மிச்சம்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க, எக்ஸ்ரே எடுக்க சொல்லி அங்கயே உக்காருங்க.


கல்ச்சர்_ப்ளேட்:

வேப்பமரத்தடி அம்மா, வெள்ளை அணு கம்மியானதுக்கு காரணம் இருக்கு. சில ஸ்டாஃப் வகைங்க பிவிஎல்னு ஒரு நச்சை விடும், அது வெள்ளை அணுவையே ஓட்டை போட்டு கொல்லும், ஃப்ளூக்கு அப்புறம் வாலிப வயசு ஆளுங்களை ரெண்டு மூணு நாள்ல சாய்க்கிறது பெரும்பாலும் அந்த வகை தான். ரத்தம் கலந்த சளி, எறங்கின வெள்ளை அணு, எக்ஸ்ரேல குழி, மூணும் சேந்தா டாக்டருங்க பயப்படுறது நியாயம். லினசோலிட், க்ளிண்டாமைசின் மாதிரி மருந்தை அதுல விரும்பறதுக்கு காரணம், அதுங்க பாக்டீரியா புரதம் செய்யறதையே நிறுத்துறதால நச்சு உற்பத்தியும் கொறையும்.

நீங்க சொன்ன கடைசி விஷயம் வழிகாட்டுதல்லயே இருக்கு. அமெரிக்காவோட தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018ல சொன்னது: ஃப்ளூ ஆரம்பத்துலயே ரொம்ப கடுமையா இருந்தா, தேறி வந்து மறுபடி மோசமானா, இல்ல வைரஸ் மருந்து குடுத்தும் 3லருந்து 5 நாள்ல முன்னேற்றம் இல்லனா, பாக்டீரியா இருக்கான்னு தேடி அதுக்கும் வைத்தியம் பாக்கணும். அப்ப ஆன்டிபயாடிக் குடுக்கணும், தயங்கவே கூடாது. ஒருத்தன் தம்பி கவனிங்க, ஆன்டிபயாடிக் வேண்டாம்னு யாரும் சொல்லல, நேரம் தான் விஷயம்.


சும்மா_ஒருத்தன்:

சரிங்க சார், ஒத்துக்க கஷ்டமா தான் இருக்கு. அப்ப வராம தடுக்க ஒண்ணுமே பண்ண முடியாதா, வர்ற வரைக்கும் உக்காந்து பாத்துட்டே இருக்கணுமா?


நைட்டூட்டி_அக்கா:

நிறைய பண்ணலாம் தம்பி, ஆனா எல்லாமே ஃப்ளூவை நோக்கி பண்ணணும். கதவைத் திறக்கறது அது தானே. வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி, 6 மாசத்துலருந்து போடலாம், 9 வயசுக்கு கீழ முதல் தடவை போடுற புள்ளைங்களுக்கு 4 வாரம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ். ஃப்ளூ வந்துட்டா ஒசெல்டாமிவிர்னு வைரஸ் மருந்து, 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா பலன் அதிகம், 5 வயசுக்கு கீழ, அதுலயும் 2 வயசுக்கு கீழ இருக்க புள்ளைங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்க, ஆஸ்துமா இதய நோய் இருக்கவங்க எல்லாம் காத்திருக்காம டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிக்கறது நல்லது. சிலருக்கு வாந்தி வரும். நிமோகாக்கஸுக்கு தடுப்பூசி இருக்கு, ஸ்டாஃபுக்கு இதுவரைக்கும் கிடையாது. அப்புறம் ஜுரத்துக்கு புள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் குடுத்துராதீங்க, ஃப்ளூல ரேஸ் சிண்ட்ரோம்னு மூளையையும் கல்லீரலையும் தாக்குற இன்னொரு வம்பு வரும், பாராசிட்டமால் போதும்.

இன்னொன்னு, இப்ப எல்லார் வீட்லயும் விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின் இருக்கு, அதுல 98 காட்டுது அதனால ஒண்ணும் இல்லன்னு உக்காந்துராதீங்க. நிமோனியால அந்த நம்பர் உதவும். தொண்டைக்கு கீழ அடைப்பு இருக்கப்ப புள்ளை முழு பலத்தோட இழுத்து இழுத்து நம்பரை காப்பாத்திட்டு இருக்கும், அது சோர்ந்து போற நிமிஷத்துல தான் நம்பர் விழும், அப்ப ரொம்ப லேட். நம்பரை விட்டுட்டு சட்டைய கழட்டி நெஞ்சைப் பாருங்க, விலா எலும்புக்கு நடுவுல, கழுத்துக்குழில சதை உள்ள வாங்குதா, சும்மா உக்காந்திருக்கும்போதே அந்த கர்ர் சத்தம் வருதா, உதடு நீலமா, புள்ளை தூங்கி வழியுதான்னு பாருங்க. இதுல எது இருந்தாலும் கெளம்பிடுங்க. போற வழில ஸ்பூன் விட்டு தொண்டையைப் பாக்கறது, வலுக்கட்டாயமா படுக்க வைக்கறது எதுவும் வேண்டாம், அழ விட்டா அடைப்பு கூடும், அம்மா மடில அது எப்படி உக்காருதோ அப்படியே விட்டுருங்க.


தென்றல்_78:

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. தங்கச்சிகிட்ட ஒவ்வொண்ணா படிச்சு காட்டினேன், மாத்திரை விஷயத்தை கல்ச்சர்_ப்ளேட் அண்ணன் எழுதினதை ரெண்டு தடவை படிக்க சொன்னா. கல்ச்சர்ல ஸ்டாஃப் ஆரியஸ்னு வந்திருக்கு, நல்ல வேளையா எம்ஆர்எஸ்ஏ இல்லயாம், ஒரு ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டாங்க. ஜுரம் எறங்கிருக்கு, சளி முன்ன மாதிரி கெட்டியா இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க. ட்யூப் எப்ப எடுப்பாங்கன்னு கேட்டா லீக் வரட்டும்னு சொல்றாங்க, லீக்னா என்னக்கா, ட்யூப்ல ஓட்டையா? எடுத்தப்புறம் குரல் பழையபடி வருமா?


நைட்டூட்டி_அக்கா:

ஓட்டை இல்லம்மா, பயப்படாத. வீக்கம் இருக்கப்ப மூச்சுக்குழாய் ட்யூபை சுத்தி இறுக்கமா பிடிச்சிருக்கும், காத்து ட்யூப் வழியா மட்டும் தான் போகும். வீக்கம் வத்த வத்த ட்யூபுக்கு வெளிப்பக்கமா கொஞ்சம் காத்து கசிய ஆரம்பிக்கும், அதைத் தான் லீக்னு சொல்றாங்க, அது வந்தா எங்களுக்கு சந்தோஷம். ஜுரம் இல்ல, சளி நீர்த்து வருது, லீக்கும் வந்துருச்சுன்னா எடுத்துடுவாங்க, எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு குடுத்தாலும் குடுப்பாங்க. எடுத்த அன்னிக்கு அழுதா சத்தமே வராது, வெறும் காத்து தான் வரும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு கரகரன்னு இருக்கும், பெரும்பாலும் தானா சரியாயிடும். வாரக்கணக்குல கரகரப்பு போகலனாலோ, ஓடி விளையாடும்போது மறுபடி அந்த கர்ர் சத்தம் கேட்டாலோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க, அபூர்வமா ட்யூப் இருந்த எடத்துல தழும்பு ஆகி சுருங்கும்.

ஆன்டிபயாடிக் மொத்தம் 10லருந்து 14 நாள் வரைக்கும் போகலாம், வீட்டுக்கு வந்தப்புறம் சிரப்பா குடுத்து விடுவாங்க, பையன் நல்லா ஆயிட்டான்னு பாதில நிறுத்திடாதீங்க. லீக் வந்ததும் இங்க ஒரு வரி போடு, இன்னிக்கும் எனக்கு நைட் தான்.